கயிறு பிடித்தவரின் மூக்கு

படம் போட்ட புத்தகங்களை என் மகளுக்காகத்தான் வாசிக்க ஆரம்பித்தேன் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். மகள் இப்போது கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறாள். அவளுக்காக வாங்குவதை மட்டும் நான் இன்னும் நிறுத்தவில்லை.

புத்தகக் கண்காட்சி வந்தால் சிறுவர் புத்தகக் கடையில் என்னைப் பார்க்கலாம். பக்கத்தில் நிற்பவர்கள் எல்லாம் பிள்ளையைக் கையில் பிடித்திருப்பார்கள். நான் துணிப்பையைப் பிடித்திருப்பேன். ஒரு வருஷம் கடைக்காரர் கேட்டார்:

“பிள்ளைக்கு என்ன வயசு அண்ணாச்சி?”

“ஆறு.”

அடுத்த வருஷமும் அதே கடை, அதே ஆள், அதே கேள்வி. வாய் பழகிப்போய் ஆறு என்று சொல்லிவிட்டேன்.

“போன வருசமும் ஆறுன்னுதான சொன்னிய?”

“இது அடுத்த பிள்ளை” என்றேன்.

பக்கத்தில் என் மனைவி நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அந்த அடுத்த பிள்ளை எங்கே வளருது என்று வீடு வந்து சேரும்வரை ஸ்கூட்டரின் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டே வந்தாள்.

எனக்கு வேலை ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில். துறைமுகத்துக்கு வரும் கண்டெய்னர்களின் காகிதங்களைச் சரிபார்த்து அனுப்பும் வேலை. கண்டெய்னருக்குள் என்ன இருக்கிறது என்று நான் எட்டிப் பார்த்ததே கிடையாது. உள்ளே என்ன இருப்பதாக எழுதியிருக்கிறது என்பதைத்தான் இத்தனை வருஷமாகப் பார்த்து வருகிறேன். எழுத்து சரியாக இருந்தால் சரக்கும் சரி. இந்தப் பழக்கத்தோடு, கட்டம் கட்டமாகப் படத்திலேயே கதை சொல்லும் கிராஃபிக் நாவலுக்குள் போனால் என்ன ஆகும்?

முதன்முதலில் வாங்கியது செங்கல் கனத்தில் இருந்தது. ஒரு வாரம் தாங்கும் என்று நினைத்துத் திருநெல்வேலி பஸ்ஸில் பிரித்தேன். பாதி வழியில் வல்லநாடு வருவதற்குள் முடிந்துவிட்டது. ஆட்களின் பேச்சை எழுதியிருக்கும் பலூனுக்குள் இருந்ததை மட்டும் வரிசையாக வாசித்துவிட்டு, ‘இவ்வளவுதானா’ என்று மூடிவைத்தேன். கொடுத்த காசுக்கு எழுத்து குறைவு என்று எனக்கு மனத்தாங்கல். அன்றைக்கு ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் ஒரு லாரி குறுக்கே நின்று பஸ் நகரவில்லை. வேறு வேலை இல்லாததால் மறுபடி பிரித்தேன். வாசிக்கத்தான் ஒன்றும் பாக்கி இல்லையே, படத்தைப் பார்த்தேன்.

ஒரு படக் கட்டத்தில் ஒருவன் தன் தாயிடம் ‘நான் நல்லா இருக்கேன்மா’ என்று சொல்லிக்கொண்டிருந்தான். அது பலூனில் இருந்தது. மேஜைக்கு அடியில் அவன் கை எதையோ கிழித்துக்கொண்டிருந்தது. நாலு கட்டம் தள்ளிப் பார்த்தால், அது ஊருக்குத் திரும்புவதற்காக எடுத்து வைத்திருந்த டிக்கெட். முதல் தடவை வாசித்தபோது அவன் நன்றாக இருக்கிறான் என்றே நம்பி, அவனுக்காகச் சந்தோஷப்பட்டு, பக்கத்தைப் புரட்டியிருந்தேன். எழுத்தை நம்பி சரக்கை விட்ட கதைதான்.

அதற்கப்புறம் மெதுவாக வாசிக்கக் கற்றுக்கொண்டேன். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் விடும் வெள்ளை இடத்தில்தான் பாதி கதை நடக்கிறது. ஒரு கட்டத்தில் கதவு, அடுத்த கட்டத்தில் காலிச் செருப்பு. ஆள் உள்ளே போனதை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். சிறுபிள்ளைகளின் புத்தகத்தில் பக்கத்தைத் திருப்புகிற இடம் இன்னும் மோசம். வலது பக்கத்தில் ஒரு வால் மட்டும் தெரியும். யாருடைய வால் என்று அடுத்த பக்கம்தான் சொல்லும். ஐம்பத்திரண்டு வயதில், சட்டைப்பையில் பிரஷர் மாத்திரையை வைத்துக்கொண்டு, நான் அந்தப் பக்கத்தைத் திருப்பப் பயந்திருக்கிறேன். அது பூனை.

குறையும் உண்டு. சிறுவர் புத்தகத்தில் வரும் கடல் எப்போதும் நீலம். மீன் சிரிக்கும். எங்கள் ஊரில் நிலக்கரி இறங்கும் பக்கம் போய்ப் பார்த்தால் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இருக்கும். மீன் சிரிக்க நியாயமே இல்லை. இதைப் பற்றி நான் வீட்டில் அடிக்கடி பேசுவேன். பேசியதன் பலன், ‘இவருக்கு இதெல்லாம் தெரியும்’ என்று குடும்பத்தில் ஒரு பெயர். அந்தப் பெயர்தான் என்னை மாட்டிவிட்டது.

என் மனைவியின் தம்பி ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். வரும் ஜூனிலிருந்து டிராயிங் பீரியடை எடுத்துவிட்டு அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் வைக்கப்போவதாக அந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அவனுக்குப் பெண் கொடுத்த மாமனாருக்கு மீன்பிடித் துறைமுகம் போகிற ரோட்டில் கடை. கயிறு, பெயிண்ட், நட்டு போல்டு, படகுக்கு வேண்டிய சாமான். “ஜூன்ல கடைக்கு வந்திருங்க மருமகனே, கல்லாவுல உக்காருங்க” என்று சொல்லிவிட்டார். தங்கமான மனிதர். அதுதான் சிக்கல். கெட்ட மனிதர் என்றால் மாட்டேன் என்று சொல்லிவிடலாம்.

மச்சினன் தவணை கேட்டிருந்தான். சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு அவன் ஒரு சிறுவர் புத்தகத்துக்கான படங்களை அனுப்பியிருந்தான். முத்துக்குளிக்கப் போகிற ஒருவரின் ஒரு நாள். விடியற்காலையில் கரையில் ஆரம்பித்து, கடலுக்கு அடியில் போய், சாயங்காலம் வீட்டில் முடியும். இது தேறினால் மற்ற புத்தகங்களுக்கும் தொடர்ந்து படம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தேறாவிட்டால் கல்லா. கதைக்கு வார்த்தைகளும் சேர்த்து அனுப்பச் சொன்னார்கள். அவன் நேராக என்னிடம் வந்தான்.

“அத்தான், இந்தக் குடும்பத்துல படப் புஸ்தகம் வாசிக்கிற ஒரே ஆளு நீங்கதான். நீங்களே எழுதுங்க.”

“நான் வாசிக்கிறவன்தான மாப்ளே, எழுதுறவன் இல்லையே” என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அவன் மறுபடி கேட்பதற்குள் பேனாவைத் திறந்துவிட்டேன்.

எழுதினேன். கரையைப் பற்றி, காற்றைப் பற்றி, சிப்பியின் இனங்களைப் பற்றி, எங்கள் முத்தை நாடி வந்த கப்பல்களைப் பற்றியெல்லாம் எழுதினேன். கடலுக்கு அடியில் அவர் மூச்சடக்கி இறங்குகிற பக்கத்துக்கு மட்டும் ஒரு முழுத்தாள். மச்சினன் பெரியவர்கள் சொன்னால் தட்டாத பிள்ளை. நான் எழுதிய எல்லாவற்றையும் படத்தின் மேல் எழுதி எடுத்துக்கொண்டு வந்தான். என் மனைவி சாளை மீனைக் கழுவிக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

“ஏலே, நீ கடல் வரைஞ்சேன்னு சொன்னியே, எங்கல கடலு?”

“அத்தான் எழுத்துக்குக் கீழ கெடக்கு அக்கா.”

“முத்துக்குளிக்கப் போனவரு எங்க?”

“அவரும் அங்கனதான் இருக்காரு.”

“அப்பம் அவரு எப்படி மேல வருவாரு? இவரு எழுத்தை ஒரு பாறாங்கல்லு மாதிரி மேல தூக்கி வச்சிருக்காரே!”

மற்றவர்களின் புத்தகத்தைப் பார்த்துப் ‘படம் பேச வேண்டிய இடத்தில் எழுத்து எதற்கு’ என்று சாப்பாட்டு நேரத்தில் பிரசங்கம் செய்கிற ஆள் நான்தான். அன்றைக்கு அது எனக்கு ஞாபகம் வராததை அவள் ஞாபகப்படுத்தினாள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு வெட்ட ஆரம்பித்தேன்.

முதலில் வெட்டியது எது என்று இப்போதும் தெளிவாகத் தெரியும். படகில் கயிறு பிடிப்பவரைப் பற்றிய பத்தி. எங்கள் கரையில் முத்துக்குளிக்க இறங்குகிறவரின் இடுப்புக் கயிற்றை மேலே பிடித்திருப்பவர் அவருடைய மனைவியின் கூடப்பிறந்தவராகத்தான் இருப்பார். கூடப்பிறந்தவள் தாலி அறுக்க எவனும் கயிற்றை விடமாட்டான் என்பது கணக்கு. ‘மலை ஏறிப் போனாலும் மச்சான் தயவு வேணும்’ என்ற பழமொழிகூட மலையிலிருந்து வரவில்லை, எங்கள் படகிலிருந்துதான் போனது என்று இங்கே சாதிப்பார்கள். இதையெல்லாம் விளக்கி எழுதியிருந்தேன்.

“இத எடுத்துரட்டுமா மாப்ளே?”

“எடுங்க அத்தான். கயிறு பிடிக்கிறது மச்சான்னு யாருக்குத் தெரியாது?”

“சின்னப் பிள்ளைக்கும் தெரியும்” என்று மனைவியும் உள்ளேயிருந்து சொன்னாள்.

மூன்று பேரும் ஒருமனதாக எடுத்துவிட்டோம். பக்கத்துக்கு ஒரு வரி, சில பக்கத்தில் அதுவும் இல்லை. கடல் வெளியே வந்தது. முத்துக்குளிக்கிறவரும் வெளியே வந்தார். அனுப்பிவிட்டோம்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதிப்பகத்து எடிட்டர் அம்மா போன் செய்தார். மச்சினன் அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தான். போனை ஸ்பீக்கரில் போட்டு டீப்பாயின் மேல் வைத்தான்.

“படங்கள் ரொம்ப அழகா இருக்கு சார். எழுத்தும் அளவா இருக்கு.”

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

“ஆனா ஒரு விஷயம். எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. அஞ்சாம் பக்கத்துல அந்த மனைவி கரையில நின்னு வழியனுப்பறாங்க இல்லையா?”

“ஆமா மேடம்.”

“புருஷன் படகுல முன்னாடி நிக்கறாரு. ஆனா அவங்க அவரைப் பார்க்கலையே. பின்னாடி கயிறு வச்சிருக்காரே ஒருத்தர், அவரைத்தானே பார்க்கறாங்க?”

“ஆமா, அவரைத்தான பாக்கணும்” என்றான் மச்சினன்.

“கண்ணு வேற கலங்கியிருக்கு.”

“கலங்கத்தான மேடம் செய்யும்?”

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது.

“சார்… இது ஆறு வயசுக் குழந்தைங்களுக்கான புத்தகம்.”

மச்சினனுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. என் மனைவிக்குத்தான் முதலில் விளங்கியது. “அய்யய்யோ, யேசுவே” என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். எடிட்டர் அம்மா மெல்லிய குரலில் தொடர்ந்தார்.

“கடைசிப் பக்கத்துல மூணு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடறாங்க. எங்க ஆபீஸ்ல எல்லாருமே அதைப் பத்திக் கேட்டாங்க.”

“மேடம், அது அவளோட தம்பி!” என்று நான் போனை நோக்கிக் கத்தினேன். முழு வழக்கத்தையும் எடுத்துச் சொன்னேன். பழமொழியையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டு, ரொம்ப நல்லா இருக்கு என்றார். பிறகு, “ஆனா அது புத்தகத்துல எங்கேயும் இல்லையே சார்” என்றார்.

“எழுதி வச்சிருக்கேன் மேடம். ஒரு பத்தி. இப்பவே அனுப்புதேன்.”

“குழந்தை படத்தைத்தான் முதல்ல பார்க்கும். படம் ஒண்ணு சொல்லி, எழுத்து ‘அப்படி இல்லை’ன்னு விளக்கம் குடுத்தா, ஏதோ சமாளிக்கற மாதிரி இருக்கும். அவங்க புருஷனைப் பார்க்கற மாதிரி மாத்திடுங்களேன். இல்லைன்னா கயிறு பிடிக்கறவரை வயசான அப்பாவா ஆக்கிடுங்க. திங்கட்கிழமை எங்க கூட்டம். அதுக்குள்ள வரலைன்னா இந்த வருஷம் சேர்க்க முடியாது.”

இந்த வருஷம் இல்லை என்றால் ஜூனில் கல்லா. மச்சினன் போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அந்த ஐந்தாம் பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“அவ புருசனைப் பாத்தா என்னல? கழுத்தக் கொஞ்சம் திருப்பி வரைஞ்சிரு” என்றாள் சமையலறையிலிருந்து திரும்பி வந்த என் மனைவி.

“அது பொய்யில்லா அக்கா? புருசனைப் பாத்து என்ன செய்ய? அவரு உள்ள போனதுக்குப் பொறவு அவரு கையில ஒண்ணும் கெடையாது. அவ தம்பிட்டதான கண்ணால சொல்லுதா, ‘ஏலே, விட்டுராத’ன்னு.”

“அப்பம் அப்பாவை வச்சிரு.”

“வயசான மனுசன் கயிறு இழுப்பாராக்கும்? நம்ம ஊரு ஆளுக பாத்தா என்னையும் சேத்துச் சிரிப்பாவ.”

நான் சொல்ல ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஆபீஸிலும் வீட்டிலும் கிராஃபிக் நாவல் தெரிந்தவனாக உலாவும் எனக்கு, கறுப்பு வெள்ளைப் படத்தில் ஆட்களை அடையாளம் தெரியாது. எல்லாரும் ஒரே ஆளாகத் தெரிவார்கள். செத்துப்போனவன் மறுபடி வருகிறானே என்று பேய்க்கதையாக நினைத்து ஒரு புத்தகத்தைப் பாதிவரை வாசித்திருக்கிறேன். அது அவன் சித்தப்பா. இந்தக் கஷ்டத்துக்கு நான் கண்டுபிடித்த வழி, மூக்கு. தலைமுடி மாறும், சட்டை மாறும், மழை பெய்தால் எல்லாம் மாறும். மூக்கை மட்டும் ஓவியர்கள் கட்டத்துக்குக் கட்டம் ஒழுங்காகப் போடுவார்கள். நான் முகத்தைப் பார்ப்பதே இல்லை. மூக்கை வைத்தே ஆயிரம் பக்கம் தாண்டியிருக்கிறேன்.

“மாப்ளே, அவ மூக்கையே அவனுக்கும் வச்சிரு” என்றேன்.

“எவ மூக்க?”

“அந்தப் பொம்பளை மூக்கை. ஒரே மூக்கா இருந்தா ஒரே வீட்டுப் பிள்ளையன்னு தெரிஞ்சிராதா?”

அவன் தலையை நிமிர்த்தினான். தான் வரைந்த மூக்குகளைப் பார்த்தான். எல்லாருக்கும் சின்னதாக ஒரு கோடு போட்டு விட்டிருந்தான். சிறுவர் புத்தகத்துக்கு அது போதும் என்று நினைத்திருக்கிறான். பிறகு மெல்லத் திரும்பி அக்காளைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அவர்கள் குடும்பத்து மூக்கு, மேலே நேராக ஆரம்பித்து, நடுவில் ஏதோ நினைத்துக்கொண்டதுபோல் ஒரு மேடு கட்டி, அப்புறம் கீழே வளையும். அக்காளுக்கும் தம்பிக்கும் ஒரே அச்சு. எந்தக் கூட்டத்திலும் தப்பாது.

“என்ன ரெண்டு பேரும் என்னையப் பாக்கிய?”

“அக்கா, ஜன்னல் பக்கம் கொஞ்சம் உக்காரேன்.”

“போலே! எம் மூக்க வச்சு நீ புஸ்தகம் போடணுமாக்கும்? பொண்ணு பாக்க வந்தவுக எல்லாம் சொன்னது போதாதா? இப்பம் மெட்ராஸ்ல வேற பாக்கணுமா?”

“பொண்ணு பாக்க வந்தவுகள்ல நானும் உண்டுல்லா. நான் ஒண்ணும் சொல்லலையே” என்றேன்.

“நீங்க அன்னைக்கு நிமிந்தே பாக்கலை. கேசரியத்தான் பாத்திய.”

இது உண்மை. ஆனாலும் உட்கார்ந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள் என்பது எனக்குத் தெரியும். ஒருபக்கமாகத் திரும்பி, தெருவைப் பார்த்துக்கொண்டு, நடுநடுவே “குக்கர் எத்தனை சத்தம் விட்டுச்சு?” என்று என்னிடம் கேட்டுக்கொண்டு. அவன் வரைந்தான். முதலில் கரையில் நிற்கிறவளுக்கு. அப்புறம் கண்ணாடியில் தன் மூக்கைப் பார்த்துக் கயிறு பிடிப்பவருக்கு.

இன்னொரு பிரச்சினை வந்தது. முத்துக்குளிக்கிறவருக்கு இந்த மூக்கு வரவே கூடாது. முற்றிலும் வேறு ஜாடை வேண்டும். இரண்டு பேரும் இப்போது என்னைப் பார்த்தார்கள். என்னுடையது மாவு அதிகமாகிப்போன போண்டா. அதை அப்படியே அவருக்கு வைத்தான். ராமேசுவரத்தில் படகில் ஏறிக் கரையிலேயே வாந்தி எடுத்தவன் நான். என் மூக்கு மட்டும் இப்போது அந்தப் புத்தகத்தில் பத்துப் பாகம், அதாவது அறுபது அடி ஆழத்துக்கு மூச்சடக்கிப் போய்வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஐந்தாம் பக்கத்தைத் திரும்பப் பார்த்தோம். கரையில் ஒரு மூக்கு, படகின் பின்பக்கத்தில் அதே மூக்கு, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்க, நடுவில் ஒரு போண்டா எதுவும் தெரியாமல் கடலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்துக்கு நான் எழுதியிருந்த ஒரே வரி, ‘படகு புறப்பட்டது.’ அதையும் எடுத்துவிடலாம் என்று நானே சொன்னேன். படகு புறப்படுவது தெரிகிறதே. மச்சினன் அழித்தான். ராத்திரியே அனுப்பினான்.

திங்கட்கிழமை மத்தியானம் மச்சினனிடமிருந்து என் ஆபீஸுக்குப் போன் வந்தது. எடிட்டர் அம்மா யாருக்கும் எதுவும் சொல்லாமல் ஐந்தாம் பக்கத்தைக் கூட்டத்தில் வைத்தாராம். கணக்கு பார்க்கிறவர் காசோலையில் கையெழுத்து வாங்க உள்ளே வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, “அக்காவும் தம்பியும் ஒரே ஜாடையா லட்சணமா இருக்காங்க, இந்த அம்மா போயும் போயும் இந்த ஆளையா கட்டிச்சு?” என்று கேட்டாராம். போண்டாவைத்தான் சொல்லியிருக்கிறார். புத்தகம் எடுத்துக்கொள்ளப்பட்டது. அடுத்த புத்தகத்துக்கும் படம் அவனுக்குத்தான் என்றார்கள்.

சந்தோஷத்தை விடப் பெரிய வேலை ஒன்று பாக்கி இருந்தது. மாமனாரிடம் சொல்ல வேண்டும். மச்சினன் தனியாகப் போக மாட்டேன் என்று விட்டான். சாயங்காலம் நானும் போனேன். கடையில் கூட்டம் இல்லை. படங்களைக் கல்லாப் பெட்டியின் மேல் விரித்து வைத்தான். “கடைக்கு வரலை மாமா” என்பதை எப்படியோ சொல்லி முடித்தான். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். ஐந்தாம் பக்கத்தில் விரல் நின்றது.

“இது உங்க அக்கா.”

“ஆமா மாமா.”

“இது நீங்க.”

“ஆமா.”

“இது இவரு” என்று என்னைப் பார்க்காமலே என் பக்கம் மோவாயை அசைத்தார். மீதிப் பக்கங்களையும் புரட்டினார். கடைசிவரை போய், திரும்ப முதலில் இருந்து பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“எம் மக எங்க?”

கடை வேண்டாம் என்று சொன்னதுகூட அவருக்குப் பெரிதில்லை, இதுதான் பெரிது என்று முகத்தில் தெரிந்தது. நான் நடுவில் புகுந்தேன். சும்மா இருந்திருக்கலாம்.

“அடுத்த புஸ்தகத்துல கண்டிப்பா போட்டிருவான் அண்ணாச்சி. உங்க மக மூக்க அப்படியே.”

“அடுத்தது என்ன கதை மருமகனே?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“யானை மாமா.”

பெரியவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பக்கங்களை அடுக்கி, ஓரம் தட்டி, ஒரு பழைய காலண்டர் தாளில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு மருமகன் கையில் கொடுத்தார்.

“ஜூனுக்கு நான் வேற ஆளு பாத்துக்கிடுதேன்” என்றார்.